ஒரே கட்டி, இரண்டு ரிப்போர்ட்: மார்பகப் புற்றுநோயில் ஐ.எச்.சி. முடிவுகளை ஒப்பிட்டுப் படிக்கும் முறை

பூந்தமல்லி வட்டாரத்தில் ஒரு பெண்ணுக்கு மார்பில் கட்டி என்றால் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. டிரங்க் ரோட்டுப் பக்கம் தெரிந்த நர்சிங் ஹோமில் ஊசி பயாப்சி எடுப்பார்கள். சாம்பிள் அங்கிருந்து நகரத்து லேப் ஒன்றுக்குப் போகும். புற்றுநோய் என்று ரிப்போர்ட் வந்ததும் வீட்டில் பேச்சு ஆரம்பிக்கும்: தண்டலத்தில் சவீதாவா, போரூரில் ராமச்சந்திராவா, அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டா, ராயப்பேட்டை அரசு மருத்துவமனையா, இல்லை பெங்களூர் ரோட்டைப் பிடித்துக் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் இருக்கும் அண்ணா புற்றுநோய் மருத்துவமனையா? போய்ச் சேர்ந்த இடத்தில் அதே பரிசோதனையை மறுபடி செய்வார்கள். கடைசியில் கையில் இரண்டு ரிப்போர்ட் இருக்கும். ஒன்றில் ஹெர்-2 1+, இன்னொன்றில் 2+. ஒன்றில் கே.ஐ.-67 15 சதவீதம், இன்னொன்றில் 35. எந்த லேப் தப்புப் பண்ணியது என்று வீட்டில் சண்டையே வந்துவிடும்.

பல நேரம் இரண்டு லேபுமே தப்புப் பண்ணியிருக்காது. எந்தத் திசுவில், எந்த ஆன்டிபாடியை வைத்து, எந்த அளவுகோலில் அளந்தார்கள் என்று பார்க்காமல் எண்ணை மட்டும் எண்ணோடு வைத்துப் பார்ப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. ரிப்போர்ட்டை வைத்து நீங்களே சிகிச்சையைத் தீர்மானிக்க இந்தக் கட்டுரை உதவாது. டாக்டர் முன்னால் உட்காரும் ஐந்து நிமிடத்தில் சரியான கேள்வியைக் கேட்க உதவும்.

சாயத்தில் என்ன தெரிகிறது?

ஐ.எச்.சி. என்பது இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி. கட்டியிலிருந்து எடுத்த திசுவை ஃபார்மலினில் பதப்படுத்தி, மெழுகில் பதித்து, மூன்று நான்கு மைக்ரான் தடிமனில் சீவிக் கண்ணாடியில் ஒட்டுவார்கள். அதன்மேல் ஒரு ஆன்டிபாடியை விடுவார்கள். தேடும் புரதம் திசுவில் இருந்தால் ஆன்டிபாடி போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடம் பழுப்பு நிறமாக மாறும். மற்ற செல்கள் நீலமாகத் தெரியும். மைக்ராஸ்கோப்பில் பாத்தாலஜிஸ்ட் பார்ப்பது இந்தப் பழுப்பைத்தான்: எத்தனை செல்லில், எவ்வளவு அழுத்தமாக, செல்லின் எந்தப் பகுதியில்.

எந்தப் பகுதி என்பது முக்கியம். இ.ஆர்., பி.ஆர்., கே.ஐ.-67 மூன்றும் செல்லின் உட்கருவில் பழுக்க வேண்டும். ஹெர்-2 செல்லின் வெளிச்சவ்வில் பழுக்க வேண்டும். இடம் மாறிப் பழுத்தால் அது கணக்கில் வராது.

ஒரு நோட்டில் கட்டம் போடுங்கள்

முதல் வேலை இது. ஒரு பக்கத்தை நெடுக்காகப் பிரித்து இடப்பக்கம் பழைய ரிப்போர்ட், வலப்பக்கம் புதியது என்று வையுங்கள். முடிவுகளை எழுதுவதற்கு முன்னால் மேலே ஐந்து வரிகள் எழுத வேண்டும். சாம்பிள் எது: ஊசி பயாப்சியா, ஆபரேஷனில் எடுத்த கட்டியா, அக்குள் நெறிக்கட்டியா? எடுத்த தேதி என்ன? அதற்கு முன் கீமோ கொடுத்திருந்தார்களா? பிளாக் (திசுவைப் பதித்த மெழுகுத் துண்டு) எண் என்ன? ஆன்டிபாடியின் குளோன் பெயர் என்ன?

ஐந்தாவது வரி பல ரிப்போர்ட்டில் காலியாகத்தான் இருக்கும். நல்ல லேபில் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். இ.ஆர்.-க்கு எஸ்.பி.1, 6எஃப்11, ஈ.பி.1, ஹெர்-2வுக்கு 4பி5 அல்லது ஹெர்செப்டெஸ்ட், கே.ஐ.-67க்கு எம்.ஐ.பி.-1 அல்லது 30-9. ஒரே புரதத்தின் வெவ்வேறு பகுதியைப் பிடிக்கும் வெவ்வேறு ஆன்டிபாடிகள் இவை. எஸ்.பி.1 முயலிலிருந்து வந்தது. சுண்டெலியிலிருந்து வந்த பழைய 1டி5-ஐ விடக் கூர்மையாகப் பிடிக்கும் என்று பல ஒப்பீடுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே விளிம்பில் நிற்கும் ஒரு கட்டி ஒரு குளோனில் நெகட்டிவ், இன்னொன்றில் லேசான பாசிட்டிவ் என்று வரலாம். குளோன் பெயர் இல்லையென்றால் லேபுக்கு போன் போட்டுக் கேளுங்கள். சொல்ல வேண்டியது அவர்கள் கடமை.

சாம்பிள் வகையையும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஊசி பயாப்சித் துண்டு மெலிசு, உடனே ஃபார்மலினில் விழும், சீராகப் பதமாகும். இ.ஆர்., பி.ஆர். பார்க்கப் பெரும்பாலும் அதுவே நம்பகமானது. ஆனால் துண்டின் ஓரங்களில் சாயம் தேங்கி ஹெர்-2 அதிகமாகத் தெரியும் ஆபத்து அதற்கு உண்டு. எஃப்.என்.ஏ.சி. எனப்படும் மெல்லிய ஊசிச் சோதனையில் வருவது தனித்தனி செல்கள்தான். உட்பிரிவை உறுதி செய்ய அதை மட்டும் நம்பி இருக்கக்கூடாது.

பாட்டிலைப் பற்றி ஒரு பாரா

நம் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரிகளில் ஆபரேஷன் முடிந்ததும் சாம்பிளை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, "லேப்ல குடுத்துட்டு வந்துடுங்க சார்" என்று வீட்டுக்காரர் கையிலேயே கொடுப்பது உண்டு. அந்த நிமிடம் நீங்கள் செய்யக்கூடிய காரியம் பெரியது. "சிஸ்டர், இதுல ஃபார்மலின் ஊத்தியிருக்கா, சலைனா?" என்று கேளுங்கள். சலைன் என்றால் வாங்காதீர்கள். 10 சதவீத நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலின்தான் வேண்டும். அதுவும் திசுவைப் போலப் பத்து மடங்கு அளவு. முழு மார்பகம் எடுத்திருந்தால் கட்டியைக் கீறி வைக்காவிட்டால் ஃபார்மலின் உள்ளே இறங்காது. மேலே பதமாகும், நடுவில் கெட்டுப்போகும்.

சர்வதேச நெறிமுறை சொல்வது: உடலிலிருந்து எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் விழ வேண்டும், அதில் குறைந்தது 6 மணி நேரம், அதிகபட்சம் 72 மணி நேரம் இருக்கலாம். சனிக்கிழமை மதியம் ஆபரேஷன், ஞாயிறு லேப் லீவு, திங்கள் பண்டிகை விடுமுறை, செவ்வாய் சாயங்காலம் கொண்டு கொடுத்தால் கணக்கு 72-ஐத் தாண்டிவிடும். டப்பாவின் மேல் தேதியோடு நேரத்தையும் எழுதச் சொல்லுங்கள். ரிப்போர்ட்டில் 'ஃபிக்ஸேஷன் நேரம்' என்று ஒரு வரி இருந்தால், எழுதி வாங்கிய அந்த நேரம்தான் அங்கே வரும். 'தெரியவில்லை' என்று வந்தால் நெகட்டிவ் முடிவுகளைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

இ.ஆர்., பி.ஆர்.: சதவீதமா, ஸ்கோரா?

ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் பிடிக்கும் ஏற்பி இ.ஆர்.; புரோஜெஸ்டிரோனுக்கு உரியது பி.ஆர். இவை இருந்தால் டமாக்சிஃபன், லெட்ரோசோல் மாதிரி மாத்திரைகளுக்குப் பலன் உண்டு. 1 சதவீத செல்லாவது பழுத்திருந்தால் பாசிட்டிவ். 2010-இல் அமெரிக்க ஆன்காலஜி, பாத்தாலஜி அமைப்புகள் வைத்த இந்தக் கோட்டைத்தான் இப்போதும் பெரும்பாலோர் பின்பற்றுகிறார்கள். 2020-இல் ஒரு திருத்தம் செய்தார்கள்: 1 முதல் 10 சதவீதம் வரை 'லோ பாசிட்டிவ்' என்று தனியாக எழுத வேண்டும். இந்தக் கட்டிகள் பல நேரம் ஹார்மோன் ஏற்பி இல்லாத கட்டி மாதிரியே நடந்துகொள்கின்றன. 'பாசிட்டிவ்' என்ற ஒற்றைச் சொல்லோடு நிற்கும் ரிப்போர்ட் பயன்படாது. 3 சதவீதமும் 95 சதவீதமும் ஒன்றல்ல.

ஒரு ரிப்போர்ட்டில் '90%, ஸ்ட்ராங்' என்றும் மற்றதில் 'ஆல்ரெட் 8/8' என்றும் இருந்தால் பதற வேண்டாம், இரண்டும் ஒன்றே. ஆல்ரெட் ஸ்கோரில் எத்தனை செல் என்பதற்கு 0 முதல் 5 வரை, எவ்வளவு அழுத்தம் என்பதற்கு 0 முதல் 3 வரை; இரண்டையும் கூட்டுவார்கள். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பழுத்தால் 5, அழுத்தம் முழுமை என்றால் 3, ஆக 8. கூட்டல் 3-ஐத் தொட்டாலே பாசிட்டிவ். '8' என்பதை எட்டு சதவீதம் என்று படித்துப் பயந்துபோன குடும்பங்கள் உண்டு.

நெகட்டிவ் என்று வந்தால் இன்னொரு வரியைத் தேடுங்கள்: 'இன்டர்னல் கன்ட்ரோல்'. கட்டியை ஒட்டி நல்ல பால்குழாய்கள் கொஞ்சம் இருக்கும். அவற்றின் சில செல்கள் இயல்பாகவே இ.ஆர். பழுக்கும். அவையும் பழுக்கவில்லை என்றால் சாயமே வேலை செய்யவில்லை என்று பொருள். அந்த நெகட்டிவை நம்பக்கூடாது, மறுபடி போட வேண்டும்.

கட்டியின் குணத்தோடு முடிவு ஒத்துப்போகிறதா என்றும் பார்க்க வேண்டும். லோபுலர், மியூசினஸ், டியூபுலர் வகைகளும் கிரேடு 1 கட்டிகளும் ஏறக்குறைய எப்போதும் இ.ஆர். பாசிட்டிவ். அவற்றில் நெகட்டிவ் வந்தால் கேள்வி கேட்க வேண்டிய இடம் அது. இ.ஆர். நெகட்டிவ், பி.ஆர். மட்டும் பாசிட்டிவ் என்பதும் அபூர்வம், மறுபரிசோதனை கேட்கலாம்.

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் நடந்தது இதற்குச் சான்று. 2005-இல் லோபுலர் வகைப் புற்றுநோய் வந்த ஒரு பெண்ணின் இ.ஆர். நெகட்டிவ் முடிவு, புது இயந்திரத்தில் மறுபடி போட்டபோது பாசிட்டிவாக மாறியது. தோண்டிப் பார்த்தால் 1997 முதல் அந்த லேபில் போட்ட பரிசோதனைகளில் ஏறக்குறைய 400 பேருக்கு முடிவு தப்பாகப் போயிருந்தது. கிடைத்திருக்க வேண்டிய ஹார்மோன் மாத்திரை பலருக்குக் கிடைக்காமலே போயிற்று. நீதிபதி மார்கரெட் கேமரன் தலைமையிலான விசாரணை ஆணையம் 2009-இல் அறிக்கை கொடுத்தது. பணக்கார நாட்டின் பெரிய ஆஸ்பத்திரியிலேயே எட்டு வருடம் இது கண்ணில் படாமல் ஓடியிருக்கிறது. பெரிய பெயர் போட்ட லேப் என்பதற்காகக் கேள்வி கேட்காமல் இருக்காதீர்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

ஹெர்-2: அதிகம் குழப்பும் இடம்

ஹெர்-2 புரதம் எல்லா மார்பக செல்லிலும் கொஞ்சம் உண்டு. சில கட்டிகளில் அதன் மரபணு பல பிரதிகளாகப் பெருகி, சவ்வு முழுக்கப் புரதம் நிறைந்துவிடுகிறது. அந்தக் கட்டிகள் வேகமானவை என்று 1987-இல் டென்னிஸ் ஸ்லாமன் குழு காட்டியது. அதற்கு எதிரான டிராஸ்டூஸுமாப் மருந்துக்கு 1998-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தபோது, யாருக்குக் கொடுக்கலாம் என்று கண்டுபிடிக்கும் ஹெர்செப்டெஸ்டுக்கும் கூடவே அனுமதி கிடைத்தது.

ஸ்கோர் நான்கு. 3+ என்றால் பத்து சதவீதத்துக்கு மேற்பட்ட செல்களில் சவ்வு முழு வட்டமாக, அழுத்தமாகப் பழுத்திருக்கிறது. மைக்ராஸ்கோப்பில் கோழிக்கூட்டுக் கம்பிவலை போலவே இருக்கும், பார்த்தவருக்குச் சந்தேகம் வராது. 2+ என்றால் வட்டம் முழுமை, ஆனால் சாயம் மங்கல் அல்லது நடுத்தரம். 1+ என்றால் அரைகுறை வட்டம், மிக மங்கல். 0 என்றால் ஒன்றும் இல்லை, அல்லது பத்து சதவீதத்துக்குள் மங்கலாக ஏதோ தெரிகிறது.

3+ பாசிட்டிவ், 0, 1+ நெகட்டிவ். 2+ இரண்டுமல்ல, அது பாதி வழியில் நிற்கும் பரிசோதனை. அதை 'கொஞ்சம் பாசிட்டிவ்' என்று வீட்டில் பேசிக்கொள்கிறார்கள், தப்பு. 2+ வந்தால் ஃபிஷ் டெஸ்ட் போட வேண்டும். ஃபிஷ்ஷில் புரதத்தை விட்டு மரபணுவையே எண்ணுகிறார்கள்: ஹெர்-2 மரபணுவுக்கு ஒரு நிறம், 17-ஆம் குரோமோசோமின் நடுப்பகுதிக்கு இன்னொரு நிறம். விகிதம் 2.0 அல்லது அதற்கு மேல், ஒரு செல்லுக்குச் சராசரிப் பிரதி 4.0 அல்லது அதற்கு மேல் என்றால் பாசிட்டிவ். இரண்டு எண்ணும் ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும். 2+ கையில் வைத்துக்கொண்டு ஃபிஷ் இல்லாமல் யாரும் 'ஹெர்-2 நெகட்டிவ்' என்று முடிவு கட்டினால், ஒரு வருடம் எடுக்க வேண்டிய மருந்து கைநழுவலாம். செலவு கூடுதல்தான், ஆனால் இந்த ஒரு டெஸ்டில் மிச்சம் பிடிக்கக்கூடாது.

ஒரு லேபில் 1+, மற்றதில் 2+ என்றால்? மங்கலை இருவர் இருவிதமாகப் பார்ப்பது இயல்பு. இரண்டில் உயர்ந்ததை எடுத்துக்கொண்டு ஃபிஷ் கேளுங்கள், சண்டை தீர்ந்துவிடும். முதலில் 3+, அடுத்தது 0 என்றால்தான் உண்மையான முரண். ஸ்லைடையே இன்னொரு பாத்தாலஜிஸ்ட் பார்க்க வேண்டும். கிரேடு 1 கட்டியில் 3+ வருவதும் அப்படியே.

முன்பெல்லாம் 0-வுக்கும் 1+-க்கும் வித்தியாசம் பார்க்க மாட்டார்கள். 2022-இல் டெஸ்டினி-பிரெஸ்ட்04 ஆய்வு வந்தபின் நிலைமை மாறிற்று. 1+, அல்லது ஃபிஷ் நெகட்டிவான 2+, இவற்றை 'ஹெர்-2 லோ' என்கிறார்கள். நோய் பரவிய நிலையில் டிராஸ்டூஸுமாப் டெரக்ஸ்டிகன் என்ற மருந்து இவர்களுக்கும் பலன் தருகிறது. ஆகவே பழைய ரிப்போர்ட்டில் 'நெகட்டிவ்' என்று மட்டும் போட்டிருந்தால், 0-வா 1+-ஆ என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மருந்து விலை அதிகம், அது வேறு கதை.

கே.ஐ.-67

பிரிந்துகொண்டிருக்கும் செல்களின் சதவீதம். இதில் லேபுக்கு லேப் மட்டுமல்ல, ஆளுக்கு ஆள் எண் மாறும்; எங்கே அதிகம் பழுத்திருக்கிறதோ அங்கே மட்டும் எண்ணினால் ஒன்று, மொத்தமாகச் சராசரி எடுத்தால் இன்னொன்று. 2011-இல் சென்ட் காலன் மாநாட்டு நிபுணர்கள் 14 சதவீதத்தைக் கோடாக வைத்தார்கள், 2013-இல் 20 என்றார்கள். 5 அல்லது அதற்குக் கீழ், 30 அல்லது அதற்கு மேல் என்றால்தான் உறுதியாகப் பேசலாம் என்பது இதற்கென்றே உள்ள சர்வதேசக் குழுவின் கருத்து. இடையில் 18-ஆ 22-ஆ என்று மண்டையை உடைத்துக்கொள்வது வீண்.

எல்லாவற்றையும் சேர்த்தால்

2000-இல் சார்ல்ஸ் பெரோ குழு மரபணுக்களின் நடமாட்டத்தை வைத்து மார்பகப் புற்றுநோயைப் பிரித்தது. அந்த மரபணுச் சோதனை எல்லோருக்கும் எட்டாது என்பதால் நான்கு சாயத்தை வைத்து அதற்குப் பக்கத்தில் வருகிறோம். இ.ஆர். பாசிட்டிவ், பி.ஆர். 20 சதவீதம் அல்லது மேல், ஹெர்-2 நெகட்டிவ், கே.ஐ.-67 குறைவு: லூமினல் ஏ மாதிரி. இ.ஆர். பாசிட்டிவாக இருந்து பி.ஆர். குறைந்தால், கே.ஐ.-67 ஏறினால், அல்லது ஹெர்-2வும் பாசிட்டிவ் என்றால்: லூமினல் பி. இ.ஆர்., பி.ஆர். இல்லை, ஹெர்-2 மட்டும் உண்டு: ஹெர்-2 வகை. மூன்றும் இல்லை: டிரிபிள் நெகட்டிவ். கடைசி வகையின் பங்கு மேற்கு நாடுகளைவிட இந்தியாவில் அதிகம் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. ஃபார்மலின் சரியில்லாத சாம்பிளும் டிரிபிள் நெகட்டிவாக வந்து நிற்கலாம் என்பதை இங்கே மறக்கக்கூடாது.

உங்கள் இரண்டு ரிப்போர்ட்டும் எண்ணில் வேறுபட்டாலும் இந்த வகைகளில் ஒன்றிலேயே விழுந்தால் நிம்மதியாக அடுத்த வேலையைப் பாருங்கள். வெவ்வேறு வகையில் விழுந்தால்தான் மேலே போக வேண்டும்.

கூடுதல் சாயங்கள் ஏன் போட்டார்கள் என்று கேட்பார்கள். சி.கே.5/6, இ.ஜி.எஃப்.ஆர். இரண்டும் டிரிபிள் நெகட்டிவில் பேசல் வகையை அடையாளம் காண, ஈ-கேதரின் மறைந்திருந்தால் லோபுலர், ஜி.ஏ.டி.ஏ.3 கட்டி மார்பிலிருந்து வந்ததா என்று தெரிய. பி.டி.-எல்1 மட்டும் தனி எச்சரிக்கை கேட்கிறது. அதில் 22சி3, எஸ்.பி.142 என்று வெவ்வேறு குளோன்கள். எண்ணும் முறையும் வேறு. நோய் பரவிய டிரிபிள் நெகட்டிவில் பெம்ப்ரோலிஸுமாப் மருந்துக்கு 22சி3-இல் சி.பி.எஸ். ஸ்கோர் 10 அல்லது மேல் என்பது கணக்கு. எஸ்.பி.142 முடிவை வைத்து அந்த மருந்தைத் தீர்மானிக்க முடியாது.

முடிவு மாறினால் பிளாக்கை எடுத்துக்கொண்டு போங்கள்

முதலில் காரணம் தேடுங்கள். இடையில் கீமோ நடந்ததா? மருந்துக்குப் பின் ஏற்பிகள் உண்மையிலேயே மாறலாம். ஒன்று மார்பு, மற்றது நெறிக்கட்டியா? ஒரே கட்டியின் இரண்டு மூலையே வேறுபடலாம். இவை இல்லையென்றால் பழைய லேபில் பாரஃபின் பிளாக்கைக் கேட்டு வாங்குங்கள். டாக்டரின் கடிதமும் நோயாளியின் கையெழுத்தும் வேண்டும். "ஸ்லைடு தர்றோம், போதும்" என்பார்கள். சாயம் போடாத சீவல் ஆறு வாரத்துக்கு மேல் பழசானால் ஐ.எச்.சி.-க்கு ஆகாது, ஆகவே பிளாக்தான் வேண்டும், கூடவே சாயம் போட்ட பழைய ஸ்லைடுகளும். ஸ்லைடைப் பெட்டியில், பிளாக்கைத் தனி கவரில் வைத்து எடுத்துப் போங்கள். சித்திரை வெயிலில் ஸ்கூட்டர் டிக்கியிலோ, பூட்டிய காரிலோ வைத்தால் மெழுகு இளகும்.

கொடுக்கும் லேப் என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்றதா, அந்த அங்கீகாரத்தில் ஐ.எச்.சி.-யும் அடங்குமா, வெளித்தரச் சோதனையில் பங்கெடுக்கிறார்களா என்று கேளுங்கள். நோர்டிக் நாடுகளின் நோர்டிக்யூ.சி., பிரிட்டனின் யூ.கே. நெக்வாஸ் போன்ற அமைப்புகள் ஒரே திசுவைப் பல லேபுக்கு அனுப்பிச் சாயத்துக்கு மார்க் போடுகின்றன. அரசு ஆஸ்பத்திரி லேப் என்றால் மட்டம் என்ற எண்ணம் நம்மிடம் உண்டு. ஆனால் நாள் ஒன்றுக்கு நிறைய மார்பகக் கட்டிகளைப் பார்க்கும் கண்ணுக்கு ஈடில்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எந்த டெஸ்ட், எந்த மருந்து அதில் வரும் என்று காப்பீட்டு மேசையில் முதல் நாளே கேட்டுவிடுங்கள். ஃபிஷ் போட்டபின் கேட்டால் கைக்காசு போயிருக்கும்.

டாக்டரிடம் போகும்போது கட்டம் போட்ட நோட்டை நீட்டிக் கேட்க வேண்டியவை: "இந்த ரெண்டுல சிகிச்சையை மாத்துற வித்தியாசம் எது டாக்டர்? அதை உறுதிப்படுத்த என்ன டெஸ்ட் பாக்கி? அதுவரை கீமோ காத்திருக்கலாமா?"

சில வருடம் கழித்து நோய் எலும்பிலோ ஈரலிலோ தலைகாட்டினால் பழைய ரிப்போர்ட்டை மட்டும் நம்பி இருக்காமல், முடிந்தால் அங்கிருந்து புதுத் துண்டு எடுத்து நான்கு சாயத்தையும் மறுபடி போடுவார்கள். எலும்பு என்றால் லேபில் ஒன்று சொல்லி வையுங்கள்: சுண்ணாம்பை நீக்க வீரியமான அமிலம் போட்டால் ஏற்பிகள் சிதைந்து பொய் நெகட்டிவ் வரும், இ.டி.டி.ஏ. கரைசலில் ஊறவைத்தால் நாள் கூடுதல் பிடிக்கும், ஆனால் சாயம் பிடிக்கும்.